சட்டைப் பையில் ஒரு கொத்துச் சுருள்

யாரெலிஸ் தலைமுடியை நேராக்க வைத்திருந்த ஸ்ட்ரெய்ட்னரில் நான் என் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம், கரண்ட் இல்லாத நேரம். முதலில் நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் செய்த எல்லா மோசமான காரியமும் முதலில் நல்ல யோசனையாகத்தான் வந்து நின்றிருக்கிறது.

எனக்கு இன்வெர்ட்டர் ரிப்பேர் தொழில். எங்கள் ஊர் சாந்தியாகோ முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வருவதால் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது ஒன்றைச் சொல்லாமல் வரமாட்டேன்: "அம்மா, துணி இஸ்திரிப் பெட்டிய மட்டும் இதுல சொருகிடாதீங்க, பேட்டரி செத்துப்போயிடும்." அந்த விதியை நான் மீறவில்லை. துணிக்கான பெட்டியைத் தொடவே இல்லை. முடிக்கானது சின்னது, இன்வெர்ட்டர் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். இன்வெர்ட்டர் தாங்கியது. காலர்தான் தாங்கவில்லை. பருத்தி என்று சத்தியம் செய்து விற்ற வானநீலச் சட்டை அது. காலர் நுனி உருகி, ஸ்ட்ரெய்ட்னரின் தட்டில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. சமையல் கத்தியால் சுரண்டினேன். தட்டின் பூச்சு கொஞ்சம் வந்தது, நீலம் கொஞ்சம் அங்கேயே நின்றது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கருகிய காலரை உள்பக்கம் மடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

அன்றைக்கு அங்கே பெற்றோர் கூட்டம். மில்கேயாவுக்குச் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை, வர முடியாது. "நீ போய்ட்டு வா கறுப்பா, அவங்க சொல்றத மட்டும் கேட்டுக்க, நீ ஒண்ணும் சொல்லாத" என்று செல்லமாகச் சொல்லி அனுப்பினாள். மில்கேயாவும் நானும் ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. யாரெலிஸ் அவளுடைய பெண். பெண்ணின் அப்பா வில்கின் நியூயார்க்கில் இருக்கிறான்.

டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க யாரெலிஸோட அப்பாவா?" என்று கேட்டார்.

"அவங்க வீட்லதான் இருக்கேன்" என்றேன்.

டீச்சர் அதற்கு மேல் போகவில்லை. "சரி. சனிக்கிழமை பட்டமளிப்புக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டுதான் உள்ள வரணும். ஒருத்தர்தான். போன வருஷம் ஒரு பொண்ணோட அப்பா, அம்மா, அப்பாவோட புதுப் பொண்டாட்டின்னு மூணு பேரும் நடந்து, வழியிலயே சண்டை. யாரெலிஸ் யாரோட வர்றான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

நான் எதற்காக அந்தக் காலருக்கு இஸ்திரி போட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கேட்பார்கள் என்று தெரியும். கேட்கும்போது ஒழுங்கான காலரோடு நிற்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் யாரெலிஸின் அறையிலிருந்து முதலில் வாசனை வந்தது, அப்புறம் அலறல். நீலம் ஒட்டிய இடத்தில் முடி சிக்கி, இழுக்க வராமல், இடது காதுக்கு மேலே ஒரு கொத்து அடியிலேயே கருகிவிட்டது. அவள் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையால் அள்ளினால் கைக்கு அடங்காது. சீப்பு உள்ளே போகும், வெளியே வராது. ஒவ்வொரு சுருளும் பேனா ஸ்பிரிங் மாதிரி, இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே போய் உட்காரும். அந்தத் தலையில் பட்டமளிப்புச் சதுரத் தொப்பியை வைத்தால் தொப்பி ஒரு விரல் உயரத்தில் மிதக்கும். ஒத்திகையில் மூன்று தடவை விழுந்ததாம். நேராக்காமல் அந்தத் தொப்பி நிற்காது. நானோ முழு மொட்டை. இந்த விஷயத்தில் எனக்கு எந்த அனுபவமும் இல்லை என்பதை என்னைப் பார்த்தவுடனே யாரும் சொல்லிவிடுவார்கள்.

மில்கேயா கத்தரிக்கோலால் கருகிய கொத்தை அடியோடு வெட்டி எடுத்தாள். யாரெலிஸ் ஸ்ட்ரெய்ட்னரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் வானநீலச் சட்டை ஒருவரிடம்தான் இருக்கிறது.

"ராதாமேஸ்," என்றாள், "உங்க காலர காட்டுங்க."

காட்டினேன். மில்கேயா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அழப் போனாளா சிரிக்கப் போனாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்றேன்.

"எது வாங்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்."

"சனிக்கிழமைக்குள்ளயா?"

"சனிக்கிழமைக்குள்ள." தைரியம் வந்த மாதிரி இருந்தது. "அன்னைக்கு யாரோட நடக்கப்போற, டீச்சர் கேட்டாங்க."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "ஆசி குடும்மா" என்றாள். "கடவுள் ஆசி உனக்கு" என்று உள்ளேயிருந்து மில்கேயா குரல் கொடுத்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்கிற ஆசி. எதிர்வீட்டுக் கிழவரிடம்கூட யாரெலிஸ் கேட்பாள். எனக்கு மட்டும், வெறும் "வர்றேன்."

வெட்டிய முடியை மில்கேயா காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "கொல்லைல போட்டு எரிச்சுடு. முழுசா எரிஞ்சப்புறம் உள்ள வா." யார் வீட்டிலும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடியைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. ஒருத்தியின் முடி வேண்டாதவன் கையில் கிடைத்தால் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், நடக்கவிடாமல் செய்யலாம், தூங்கவிடாமல் செய்யலாம், பைத்தியமாக அலையவிடலாம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் எனக்கு முடி இருந்த காலத்தில் என் சீப்பை நான்தான் சுத்தம் செய்வேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அப்புறம் எரித்துக்கொள்ளலாம் என்று பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டேன்.

"எரிச்சுட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

மத்தியானம் கசில்தாவின் சலூனுக்குப் போனேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான் இருக்கிறது, தெருவே மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடும். நாலு பேர் ரோலர் சுற்றிய தலையோடு உலர்த்தியின் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

"தோன்யா கசில்தா, எந்த ஸ்ட்ரெய்ட்னர் நல்லது?"

கசில்தா என் தலையைப் பார்த்தாள். நாலு உலர்த்தியும் சிரிப்பில் குலுங்கின.

"உன் தலைக்குத் துணியே போதும்ப்பா. கொஞ்சம் மெழுகு போட்டுத் தொடச்சா நல்லா மின்னும்."

"யாரெலிஸுக்கு. அடர்த்தி, நல்ல சுருள்."

"அது முடியப் பொறுத்தது."

"முடி எப்படின்னுதான் சொன்னேனே."

"முடி மட்டும் போதுமா? கையப் பொறுத்தது. காத்துல இருக்கற ஈரத்தப் பொறுத்தது. மெஷின்ல என்ன இருக்கு? எங்கிட்ட அனுப்பு, நான் பார்த்துக்கறேன்."

"வெள்ளிக்கிழமை இடம் இருக்கா?"

"அந்த வகுப்பு மொத்தமும் வெள்ளிக்கிழமை எங்கிட்டதான்ப்பா வருது."

"அப்ப இடம் இல்ல?"

"இல்லன்னு சொன்னேனா? பார்க்கலாம். கடவுள் விட்டா."

இந்த ஊரில் யாரையாவது எதையாவது கேட்டுப் பாருங்கள். இல்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. வில்கினை ஜனவரியிலேயே பட்டமளிப்புக்கு வருவாயா என்று கேட்டதற்கு, "வராம இருப்பேனா, டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கட்டும்" என்றானாம். இப்போது ஜூலை. விலை இறங்கியதா, இவன் ஏறினானா என்று யாருக்கும் தெரியாது. மில்கேயாவிடம் "பொண்ணு யாரோட நடப்பா?" என்று கேட்டால், "அவ அப்பன் வர்றானோ என்னவோ, நீ போய்ச் சாப்பிடு" என்பாள். நானும் ஒழுங்கில்லை. "எனக்கு அவளோட நடக்கணும்" என்று நேராகச் சொன்னேனா? டீச்சர் கேட்டாங்க, டீச்சர் கேட்டாங்க என்று டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மில்கேயாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. மாட்ரிட்டில் வீட்டுவேலை செய்யும் அவள் தங்கை போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய ஸ்ட்ரெய்ட்னர் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். பிளக் பொருந்தவில்லை. அதற்கென்ன, என்னிடம் அடாப்டர் இருக்கிறதே என்று மாட்டிக் கொடுத்தேன். யாரெலிஸ் ஒரு சுருளை வைத்து இழுத்தாள். சுருள் அப்படியே திரும்பிப் போய் உட்கார்ந்தது. மறுபடி இழுத்தாள். அப்புறம் தட்டைக் கையாலேயே பிடித்தாள். காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றி அளவுக்குத்தான் சூடு.

"ராதாமேஸ், ஸ்பெயின்ல கரண்ட் எவ்ளோ வோல்ட்?"

"இருநூத்தி இருபது."

"நம்ம வீட்ல?"

"நூத்திப் பத்து."

"உங்க தொழில் என்ன?"

அடாப்டரைக் கழற்றினேன். மில்கேயா இந்தத் தடவை வாயைப் பொத்தக்கூட இல்லை, நேராகவே சிரித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கடைகள் நிறைந்த சோல் தெருவுக்குப் போனேன். முதல் கடையில் ஒரு சின்னப் பெண் என்னை "என் உசிரே" என்று கூப்பிட்டுப் பத்துப் பெட்டிகளை மேஜை மேல் அடுக்கினாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெள்ளைக்காரி, முடி தண்ணீர் மாதிரி விழுகிறது. அந்த முடி பிறக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்.

"அடர்த்தியான சுருள் முடிக்கு எது?"

"எல்லாமே எல்லா முடிக்கும் நல்லதுதான் என் உசிரே."

"இதுல ஒண்ணு எடுக்கணும்னா?"

"உங்களுக்குப் பிடிச்சது எதோ அது என் உசிரே."

எனக்கு எது பிடித்தால் என்ன? வெளியே வந்தேன். வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடி, நேற்றுப் போட்ட அதே வேலைச் சட்டையின் பையில் கை விட்டபோது பொட்டலம் தட்டுப்பட்டது. எரிக்க மறந்த முடி. கருகியது அடிப்பக்கம் மட்டும்தான், மீதி நீளம் முழுக்க நல்ல முடி. அப்போது எனக்கு இரண்டாவது நல்ல யோசனை வந்தது.

தெருக்கோடியில் சலூன்காரர்களுக்கான சாமான் கடை. கடையைப் பார்த்துக்கொள்வது ஃபியோர் என்கிற பெண்மணி. நாற்பது வயது, கண்ணாடி மூக்கு நுனியில், கையில் சுடச்சுட காபி. பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன்.

"இந்த முடிக்கு ஒரு ஸ்ட்ரெய்ட்னர் வேணும். இதுலயே வச்சு இழுத்துக் காட்டுங்க."

ஃபியோர் காபியைக் கீழே வைத்தாள். முடியைப் பார்த்தாள், என் மொட்டையைப் பார்த்தாள், மறுபடி முடியைப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயா, இது யாரோட முடி?"

"வீட்ல இருக்கற பொண்ணோடது."

"அதென்ன வீட்ல இருக்கற பொண்ணு? பொண்டாட்டியா?"

"இல்லம்மா."

"மகளா?"

"என் பொண்டாட்டியோட மக."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா இது உங்க பையில இருக்குன்னு?"

இங்கே நான் உண்மை சொல்லியிருக்க வேண்டியதில்லை. "தெரியாது" என்றேன்.

எனக்குப் பின்னால் ஏதோ டப்பா விழுந்தது. திரும்பினேன். சாயப் பெட்டிகளை அள்ளிப் பிடித்தபடி கசில்தா நின்றுகொண்டிருந்தாள். சலூன்காரி சாமான் வாங்க வேறு எங்கே வருவாள்?

"தோன்யா கசில்தா, நீங்க நினைக்கற மாதிரி இல்ல" என்றேன். உலகத்தில் இதைச் சொன்ன எவனையாவது யாராவது நம்பியிருக்கிறார்களா?

"நான் ஒண்ணும் நினைக்கலப்பா" என்று சொல்லிவிட்டு, எடுத்த பெட்டிகளை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே போனாள். போகிற வேகத்தைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்குப் போகிற பஸ் அந்த மூலையில்தான் நிற்கும்.

ஃபியோரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காலரிலிருந்து மாட்ரிட் வரைக்கும். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீலக் காலரா? எங்க வீட்ல எங்க ஆளு அதுல ரொட்டி சுட்டாரு" என்றாள். ஆனாலும் முடியை விரலால் தொடவில்லை. கிளிப்பில் மாட்டித் தூக்கினாள். அப்புறம் மேஜைக்கடியில் இருந்த மூன்று ஸ்ட்ரெய்ட்னர்களைச் சொருகினாள்.

முதலாவது ஒல்லித் தட்டு. கொத்தில் பாதிதான் உள்ளே போயிற்று. ஐந்து தடவை இழுத்தாள், ஐந்து தடவையும் சுருள் திரும்ப வந்தது. "இது நெத்திப் பக்கம் குட்டி முடிக்குத்தான். இத வச்சு அந்தத் தலைய இழுத்தா, திரும்பத் திரும்ப ஒரே இடத்துல சுட்டு முடி பொரிஞ்சுபோகும்." இரண்டாவது பார்க்க ஜம்மென்று தங்க நிறம். பெட்டியில் பெரிய எண் போட்டிருந்தது. "எண்ணு பெருசுதான். ஆனா தடிச்ச முடிய வச்சதும் தட்டு ஆறிடுது பாருங்க, சூட்டப் பிடிச்சு வைக்கத் தெரியல." மூன்றாவது கறுப்பு, மினுக்கு இல்லை, அலங்காரம் இல்லை. தட்டு மட்டும் இரண்டு விரல் அகலம். மெதுவாக ஒரே ஒரு தடவை இழுத்தாள். முடி மழைக்கம்பி மாதிரி நேராக விழுந்தது. ஒரு நிமிஷம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது திரும்பிச் சுருளவே இல்லை.

"இதுதான். ஆனா ஒண்ணு, முடி நல்லாக் காய்ஞ்சிருக்கணும், ஈரத்தோட வச்சா புஸ்ஸுன்னு ஆவி வரும், மண்டை வெந்துடும். சூட்டை ஒரேயடியா உச்சத்துல வைக்க வேண்டாம், முதல்ல நடுவுல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. காப்புத் தைலம் போடாம இழுக்கவே கூடாது." தைலத்தையும் எடுத்து வைத்தாள். பிறகு முடியைக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, கிளிப்போடு என் பையில் வைத்தாள். "இத எரிச்சுடுங்க. இன்னைக்கே. அப்புறம், கிளிப்பும் எனக்கு வேண்டாம்."

தெருமுனையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. சாயங்காலம் நடைபாதையில் டோமினோ ஆடுகிறவர்கள் வழக்கமாக என்னைப் பார்த்ததும் "மொட்டை, வா ஒரு ஆட்டம்" என்பார்கள். இன்றைக்குக் காயை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், "ராதாமேஸ், எங்க வீட்டு இன்வெர்ட்டர் சரியாத்தான் ஓடுது, நீ வர வேண்டாம்" என்றான். நான் வருகிறேன் என்று சொல்லவே இல்லை.

வீட்டில் கசில்தா ஆடும் நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். மில்கேயா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரெலிஸ், தலையைத் துண்டால் இறுக்கச் சுற்றியிருந்தாள், மிச்சத்தையும் நான் பறித்துக்கொண்டு போய்விடுவேன் என்பது போல.

"எரிச்சுட்டேன்னு சொன்ன" என்றாள் மில்கேயா.

"மறந்துட்டேன்."

"மறந்துட்டு ஊரெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனியா? எம் பொண்ணோட முடிய?"

"ஸ்ட்ரெய்ட்னர் வாங்கத்தான்..."

"ஸ்ட்ரெய்ட்னர் வாங்க முடி எதுக்கு? செருப்பு வாங்கக் கால வெட்டி எடுத்துக்கிட்டாப் போவாங்க?"

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். மில்கேயா பிரித்தாள். சுருள் சுருளாகக் கொடுத்த முடி கம்பி மாதிரி நேராக, நுனியில் கிளிப்போடு கிடந்தது.

கசில்தா துள்ளி எழுந்தாள். "பார்த்தியா! பார்த்தியா! நீட்டி, முனையில முடிச்சும் போட்டு வச்சிருக்கான்! நான் சொல்லல?"

"அது கிளிப்பு, தோன்யா கசில்தா."

"இன்னைக்குக் கிளிப்பு!"

"பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னு வையி..." என்று மில்கேயா ஆரம்பித்தாள். பெண்ணைத் தனக்குப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டாள். கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன், இது பயம். என்னைப் பார்த்து பயப்படுகிறாள். மூன்று வருஷமாக ஒரே தட்டில் அடிப்பிடித்த சோற்றைப் பங்குபோட்டுத் தின்றவள். வாங்கிய பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

யாரெலிஸ்தான் முன்னால் வந்தாள். அம்மாவின் கையிலிருந்து முடியை வாங்கினாள். விரலை அடியிலிருந்து நுனி வரை ஓட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நுனியை உற்றுப் பார்த்தாள்.

"இத எத்தனை தடவை இழுத்தாங்க?"

"ஒரு தடவை."

"ஒண்ணுதானா?"

"மெதுவா, ஒரே தடவை. ஒல்லித் தட்டுல அஞ்சு தடவை இழுத்தும் வரல. தங்கக் கலர்ல ஒண்ணு இருந்துது, முடிய வச்சதும் ஆறிடுச்சு."

"நுனி வெடிக்கவே இல்ல" என்று அம்மாவிடம் காட்டினாள். பிறகு என்னிடம், "எத்தனை கடை ஏறினீங்க?"

"ரெண்டுதான். முதல் கடைல என் உசிரேன்னாங்க."

அவள் வாயோரம் லேசாக அசைந்தது. பெட்டியைத் திறந்து தட்டின் அகலத்தை விரலால் அளந்தாள், சூட்டைக் கூட்டும் திருகைத் திருப்பிப் பார்த்தாள், பின்புறம் இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். "நூத்திப் பத்து" என்று சத்தமாகச் சொன்னாள்.

"செய்வினை வைக்கறவன்," என்று கசில்தாவைப் பார்த்துச் சொன்னாள், "காப்புத் தைலமும் சேர்த்து வாங்கிட்டு வரமாட்டான், தோன்யா கசில்தா."

கசில்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். காபியைக் குடித்து முடித்தாள். "இந்த மாடல எங்க கிடைச்சுது? நானே இதத்தான் வச்சிருக்கேன்" என்றாள். நேற்று அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது.

வீட்டு ஆட்கள் மூன்று பேருமாகக் கொல்லைக்குப் போய் முடியை எரித்தோம். மில்கேயா தானே தீக்குச்சி கிழித்தாள், கடைசித் துணுக்கு வரை குச்சியால் கிளறினாள், சாம்பல் மேல் தண்ணீர் ஊற்றினாள். கிளிப்பையும் அதில் போட்டாள். அது எரியவில்லை, ஆனால் யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. உள்ளே போகும்போது என் மொட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். கொஞ்சம் பலமாகவே.

அடுத்த நாள் காலையில் கரண்ட் இருந்தது. கண்ணாடி முன்னால் யாரெலிஸ், தலையை நாலு பாகமாகப் பிரித்துக் கொண்டை போட்டு, ஒரு பாகத்தை அவிழ்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் நேராகித் தோளில் கிடந்தது, இடது பக்கம் இன்னும் மேகம் மாதிரி. வெட்டுப்பட்ட இடத்தை மேல் முடி மூடிவிட்டது. நான் கதவருகில் நின்றேன். டீச்சரை இந்தத் தடவை துணைக்குக் கூப்பிடவில்லை.

"யாரெலிஸ், சனிக்கிழமை உன்னோட நடக்கணும்னு எனக்கு ஆசை. நீ யாரோட நடக்கப்போற?"

பார்க்கலாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் இழுத்துக்கொண்டிருந்த கொத்தை நுனி வரை முடித்தாள், பாதியில் விடவில்லை. ஸ்ட்ரெய்ட்னரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அம்மாவோட. அப்பா வந்தாலும் வராட்டியும் அம்மாவோடதான். உங்களோட இல்ல."

"சரி" என்றேன். உண்மையாகவே சரியாகத்தான் இருந்தது. வலித்தது, ஆனால் தெளிவாக வலித்தது.

"இருங்க, முடிக்கல. சனிக்கிழமை மழை வரும்னு எல்லாரும் சொல்றாங்க. அரங்கத்துலேர்ந்து போட்டோ எடுக்கற இடத்துக்கு நடக்கணும், அங்கேர்ந்து வண்டிக்கு. ஒரு துளி என் தலைல விழக்கூடாது, விழுந்தா எல்லாம் போச்சு. அம்மாவுக்குக் கை எட்டாது. அப்பாவ நம்ப முடியாது. நீங்க வாசல்ல குடையோட நிக்கணும், பெரிய குடை, நான் வெளிய வர்றதுக்கு முன்னாடியே விரிச்சு வச்சிருக்கணும். அந்த நீலச் சட்டை மட்டும் வேண்டாம்."